பழவேற்காட்டு நீரும் கைப்பேசி நுண்ணோக்கியும்

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு என்னும் ஊர் இருக்கிறது. அதன் பெயரைத் தாங்கிய ஏரி அங்கிருந்து வடக்கு நோக்கி நீண்டு, பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திற்குள் பரந்து கிடக்கிறது. நம் நாட்டின் உப்பங்கழிகளுள் ஒடிசாக் கரையிலுள்ள சிலிகாவுக்கு அடுத்த பெருமை இதற்கு உண்டு. ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி ஆகிய ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் இடையே அரணாக நிற்கிறது. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரியின் உப்பு குறைகிறது. கோடையில் ஆறுகள் வற்ற, வெயில் நீரை உறிஞ்ச, உப்பு ஏறுகிறது. ஆற்றுநீருமாகாது, கடல்நீருமாகாது, இரண்டும் கலந்த இந்த நீரை நம்பியே கரையோரக் குப்பங்களில் அடுப்பு எரிகிறது.

இந்த ஏரியின் இறாலையும், மீனையும், நண்டையும், செங்கால் நாரைகளையும், பூநாரைக் கூட்டங்களையும் பார்க்க நமக்குக் கண் போதும். ஆனால் இவை யாவும் உண்டு வளர்வதற்கு ஆதாரமான உயிர்களைப் பார்க்கக் கண் போதாது. நல்ல பார்வையுடைய ஒருவர் ஓர் அடி தொலைவுக்குள் ஒரு பொருளை வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரையில் அவரால் பிரித்தறிய முடியும். அதற்குக் கீழே உள்ள உலகம் நமக்கு வெறும் கலங்கல் நீராகவே தோன்றும். அக்கலங்கலுக்குள் புகுந்து பார்க்கும் கருவியை, பழைய கைப்பேசி ஒன்றையும் சில திருகாணிகளையும் கொண்டு மாணவர்களாகிய நீங்களே செய்துகொள்வது எப்படி என்பதையும், அதனால் விளையும் பயன் என்ன என்பதையும் இன்று விளக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு வரலாறு. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613ஆம் ஆண்டில் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வாணிகத்திற்கு அதுவே நெடுங்காலம் தலைமையிடமாக இருந்தது. 1690இல்தான் அத்தலைமை நாகப்பட்டினத்திற்கு மாறியது. இங்கிருந்து அவர்கள் பெரிதும் ஏற்றிச்சென்ற சரக்கு துணி. அதே நூற்றாண்டில், அந்த ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் ஒரு துணி வணிகர் இருந்தார். பெயர் அந்தோனி வான் லேவன்ஹுக். பிறந்தது 1632, இறந்தது 1723. துணியின் இழைகளை எண்ணி அதன் தரத்தை அறிய வணிகர்கள் சிறு கண்ணாடி வில்லைகளைக் கையாள்வது அக்கால வழக்கம். லேவன்ஹுக் அந்த வில்லையை மேன்மேலும் சிறிதாக்கி, மேன்மேலும் திறமாகத் தேய்த்தார். 1674ஆம் ஆண்டில் தம் ஊருக்கு அருகிலிருந்த ஓர் ஏரியின் நீரை அதன் வழியே நோக்கினார். அதற்கு முன் எவரும் கண்டறியாத சிற்றுயிர்கள் அந்நீரில் நீந்துவதைக் கண்டு, லண்டனிலுள்ள ராயல் சங்கத்துக்கு எழுதினார்.

இவருடைய கருவியில் இருந்தது ஒரே ஒரு வில்லைதான் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இன்று எஞ்சியுள்ள அவருடைய கருவிகளுள் ஒன்று பொருளை ஏறத்தாழ 266 மடங்கு பெருக்கிக் காட்டுகிறது. ஆகவே சிற்றுயிரைக் காண்பதற்குப் பெருஞ்செலவு தேவை என்று எண்ணுவது பிழை. தேவையானது நல்ல சிறு வில்லை, அசையாத தாங்கி, போதிய ஒளி, பொறுமை ஆகிய நான்குமே.

இந்த உண்மையை நம் காலத்தில் மீண்டும் நிலைநாட்டியவர் மீரட் நகரில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கும் மனு பிரகாஷ் அவர்கள். அவரும் அவருடைய துணைவர்களும் காகிதத்தை மடித்துச் செய்யும் ஒரு நுண்ணோக்கியை 2014இல் அறிவியல் இதழொன்றில் விவரித்தார்கள். ‘ஃபோல்ட்ஸ்கோப்’ என்பது அதன் பெயர். அதிலும் சிறு வில்லை ஒன்றே. பொருட்செலவு ஒரு டாலருக்கும் குறைவு. 2015இல் நம் நடுவண் அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை அதனை இந்திய மாணவர்களிடம் கொண்டுசெல்ல உடன்படிக்கை செய்துகொண்டது. லேவன்ஹுக் தம் வில்லையின் செய்முறையைத் தம்மோடு மறைத்துவைத்தார்; மனு பிரகாஷ் தம் செய்முறையை உலகிற்கு விரித்துரைத்தார். அறிவு பரவும் வழி இரண்டாவதே அன்றோ?

இனி, நாம் செய்யப்போகும் கருவிக்கு வருவோம். இது காகித நுண்ணோக்கியினின்றும் சற்றே வேறானது. இதில் கண்ணுக்குப் பதிலாகக் கைப்பேசியின் படக்கருவி நோக்குகிறது. அது எவ்வாறு நோக்குகிறது? கைப்பேசியின் பின்புறத்தில் உள்ள வில்லைக்குப் பின்னால் சிலிக்கனால் ஆன ஒரு சிறு தகடு இருக்கிறது. அதன் பரப்பு நம் சிறுவிரல் நகத்தைவிடச் சிறியது. ஆயினும் அதில் இலட்சக்கணக்கான நுண்கட்டங்கள், நெற்கழனியின் பாத்திகளைப்போல, வரிசை வரிசையாக அமைந்துள்ளன. ஒளி விழும்போது ஒவ்வொரு கட்டத்திலும் மின்னூட்டம் சேர்கிறது. ஒளி மிகுந்த கட்டத்தில் மிகுதியாகவும், குறைந்த கட்டத்தில் குறைவாகவும் சேர்கிறது. அந்த மின்னூட்டத்தைக் கருவி அளந்து எண்ணாக மாற்றிவிடுகிறது. எண்களாலான இப்படத்தையே டிஜிட்டல் படம் என்கிறோம். இவ்வகைப் படத்தகட்டிற்கு முன்னோடியான ஒன்றை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயில், ஸ்மித் என்னும் இருவர் கண்டறிந்தனர். அதற்காக 2009இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

கைப்பேசியின் வில்லை தொலைவில் உள்ளவற்றைக் காட்டவே அமைந்தது. மிக அருகில் உள்ள பொருளை அதனால் தெளிவாகக் காட்ட இயலாது. அதன் முன்னே மற்றொரு சிறு வில்லையை ஒட்டினாற்போல் வைத்தால் இக்குறை நீங்கும். பொருளைப் புதிய வில்லையின் குவியத்தில் வைத்தால், அதிலிருந்து வரும் கதிர்கள் அவ்வில்லையைக் கடந்தபின் இணைகதிர்களாகச் செல்லும். இணைகதிர்கள் நெடுந்தொலைவிலிருந்து வருபவை போன்றவை; ஆதலின் கைப்பேசி அவற்றை எளிதில் ஏற்றுத் தன் தகட்டில் உருவமாகக் குவிக்கும். இங்கு ஒரு சிறு கணக்கு உண்டு. கைப்பேசி வில்லையின் குவியத் தூரத்தைப் புதிய வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால், தகட்டில் விழும் உருவம் பொருளைப்போல் எத்தனை மடங்கு என்பது வரும். இரண்டும் 4 மில்லிமீட்டர் என்று கொண்டால், மடங்கு ஒன்று. அதாவது, பொருளும் உருவமும் ஒரே அளவு.

‘ஒரே அளவு என்றால் பெருக்கம் எங்கே?’ என்று நீங்கள் கேட்கலாம். தகட்டின் அகலம் 5 மில்லிமீட்டர் என்றும், அதைக் காட்டும் திரையின் நீளம் 130 மில்லிமீட்டர் என்றும் கொள்ளுங்கள். 5 மில்லிமீட்டரில் விழுந்த உருவம் 130 மில்லிமீட்டராக விரிகிறது. ஆகவே நாம் காண்பது 26 மடங்கு. அதையே விரல்களால் மேலும் விரித்துப் பார்க்கலாம். ஆனால் திரையில் விரிப்பதனால் மட்டும் புதிய விவரம் பிறந்துவிடாது. கோலத்தின் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கூட்டினால் கோலம் பெரிதாகுமே ஒழியப் புள்ளிகள் கூடுவதில்லை. ஒரு நுண்ணோக்கியின் தகுதி அது எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதில் இல்லை. எவ்வளவு நெருங்கிய இரு புள்ளிகளை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது என்பதிலேயே இருக்கிறது.

கருவி செய்வதற்கு வேண்டியவை: 6 மில்லிமீட்டர் தடிப்பும் 10 அல்லது 12 சென்டிமீட்டர் நீளமும் உள்ள போல்ட் மூன்று, அவற்றுக்குப் பொருந்தும் நட்டுகள் ஒன்பது, விரலால் திருகத்தக்க இறக்கை நட்டுகள் இரண்டு, சில வாசர்கள், ஒரு சாண் அளவுள்ள சதுர மரப்பலகை ஒன்று, அதே அளவில் 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள அக்ரிலிக் தகடு ஒன்று, அத்தகட்டில் பாதிக்கும் குறைவான அகலத்தில் மற்றொரு தகடு, பழுதான லேசர் விளக்கின் வில்லை, ஒரு சிறு மின்விளக்கு. லேசர் விளக்கை மின்கலத்தை அகற்றிய பிறகே பிரிக்க வேண்டும். அதன் ஒளியைக் கண்ணில் பாய்ச்சுவது ஒருபோதும் கூடாது. வில்லை அதன் முகப்புக் குழாயில் இருக்கும்.

பலகையிலும் பெரிய தகட்டிலும் ஒரே அமைப்பாக மூன்று துளைகள் இடுங்கள். முன்விளிம்பில் இரண்டு, பின்விளிம்பின் நடுவில் ஒன்று. போல்டுகளைப் பலகையின் அடியிலிருந்து மேல்நோக்கிச் செருகி, மூன்று நட்டுகளால் இறுக்குங்கள். முன்னுள்ள இரு போல்டுகளில் இறக்கை நட்டுகளை இட்டு, அவற்றின்மேல் சிறு தகட்டை அமருங்கள். இதுவே பொருளை வைக்கும் மேடை. அதன்பின் மூன்று போல்டுகளின் மேல்முனை அருகே நட்டுகளை இட்டு, பெரிய தகட்டை அவற்றின்மேல் பொருத்தி, மேலேயும் நட்டிட்டு இறுக்குங்கள். இது கைப்பேசி படுக்கும் மேடை. இதன் முன்பகுதியில், இரு போல்டுகளுக்கும் நடுவே, வில்லை இறுகப் பொருந்தும் துளை ஒன்று இட்டு, வில்லையைத் தகட்டின் மேற்பரப்போடு சமமாக அமைத்துவிடுங்கள். வில்லையை இருபுறமும் திருப்பிப் பார்த்து, எந்தப் பக்கம் மேலே இருக்கும்போது படம் ஓரம்வரை தெளிவாக உள்ளதோ அந்தப் பக்கத்தையே மேலாக வையுங்கள்.

ஒரு நுணுக்கம் உண்டு. பொருள் வில்லைக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். மேடையை அவ்வளவு உயர்த்த முயன்றால் மேலேயுள்ள நட்டுகள் தடுக்கும். ஆகவே சிறு மேடையின்மீது அரை அங்குல உயரமுள்ள இரு சிறு கட்டைகளை இடைவெளி விட்டு ஒட்டி, அவற்றின்மேல் கண்ணாடிச் சில்லை வையுங்கள். மின்விளக்கைப் பலகையின்மீது வைத்து, அதன்மேல் எண்ணெய்த் தாள் ஒன்றை இடுங்கள். ஒளி சீராகப் பரவும். 6 மில்லிமீட்டர் போல்டில் இறக்கை நட்டை ஒரு முழுச்சுற்றுச் சுற்றினால் மேடை சரியாக 1 மில்லிமீட்டர் உயரும். பத்தில் ஒரு சுற்றுக்குப் பத்தில் ஒரு மில்லிமீட்டர். இந்த நுண்ணிய அசைவே படத்தைத் தெளிவாக்குகிறது. இரு நட்டுகளையும் சமமாகத் திருக வேண்டும். இல்லையேல் மேடை சாய்ந்து படத்தின் ஒரு பாதி மங்கும்.

கருவி முடிந்தவுடன் ஏரிக்கு ஓடிவிடாதீர்கள். முதலில் அதனை அளவிட வேண்டும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அளவுகோலை மேடையில் வைத்துப் படமெடுங்கள். இரு மில்லிமீட்டர்க் கோடுகளுக்கு இடையே எத்தனை படப்புள்ளிகள் உள்ளன என்று எண்ணுங்கள். 800 என்று வந்தால், ஒரு புள்ளி ஒன்றேகால் மைக்ரான் ஆகும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரு பொருள்களைப் பிரித்தறியக் குறைந்தது இரு புள்ளிகள் வேண்டும்; வில்லையின் குறைகளையும் கூட்டிக் கருதினால், நம் கருவி நான்கு மைக்ரான் அளவிலேனும் பிரித்துக் காட்டும் என்று எதிர்பார்க்கலாம். தலைமயிரின் தடிப்பு 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். இந்த அளவீட்டுக்குப் பிறகு உங்கள் கருவி விளையாட்டுப் பொருளன்று, அளவுகருவி.

ஏரிநீரை நேரே ஒரு துளி எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். உயிர்கள் அங்கங்கே சிதறி இருப்பதால் நீரைச் செறிவாக்க வேண்டும். நெருக்கமான இழையுள்ள மெல்லிய துணியைக் கூம்பாகத் தைத்து, வாயில் ஒரு கம்பி வளையமும், அடியில் ஒரு சிறு பாட்டிலும் கட்டுங்கள். பத்து லிட்டர் வாளியால் பத்துமுறை மொண்டு இதில் ஊற்றினால், 100 லிட்டர் நீரில் இருந்தவை பாட்டிலில் தங்கும். அதனை 100 மில்லிலிட்டராக்கி, நன்கு கலக்கி, ஒரு மில்லிலிட்டரை எடுத்து எண்ணுங்கள். அதில் ஒருவகை உயிர் 12 இருந்தால், 100 லிட்டரில் 1,200. அதாவது லிட்டருக்கு 12 என்றாகிறது. பாடப்புத்தகத்தின் விகிதக் கணக்கு ஏரிக்கரையில் உயிர்பெறுவதை இங்கே காணலாம்.

அங்கே காணக்கூடியவை எவை? டயாட்டம் என்னும் நுண்பாசிகள், கண்ணாடிக்கு மூலமான சிலிக்காவாலான ஓட்டுக்குள் வாழ்கின்றன. படகுபோலும் வட்டுப்போலும் பல வடிவின. சூரிய ஒளியை உணவாக்கும் இவை நீருலகின் புல்வெளி எனத் தகும். அப்புல்லை மேய்வது கோப்பிபாடு என்னும் துடுப்புக்காலி. ஒரு மில்லிமீட்டர் அளவில், தெறித்துத் தெறித்து நீந்தும். முதுகில் முள் நீண்ட விசித்திரப் பூச்சி ஒன்று தென்பட்டால் அது நண்டின் இளவுயிர். மெல்லிய ஓட்டுடன் மயிரிழைகள் துடிக்கச் சுழல்வது மட்டியின் இளவுயிர்.

எல்லாவற்றிலும் முதன்மையானது இறால். ஏரியில் பிடிபடும் வெள்ளை இறால் ஏரியில் முட்டையிடுவதில்லை, கடலில் இடுகிறது. முட்டையின் விட்டம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலிருந்து வெளிவரும் உயிர் பலமுறை தோலுரித்து, உருமாறி, ஏறக்குறைய இரண்டு வாரத்தில் சிறு குஞ்சாகிறது. அக்குஞ்சு ஏற்றநீரோடு முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் நுழைகிறது. சில மாதம் அங்கு உண்டு வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகிறது. முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் குஞ்சு நுழைய வழியில்லை. சில மாதம் கழித்து வலையில் இறால் இல்லை என்னும்போது, அதன் காரணம் முன்னரே முகத்துவாரத்தில் நேர்ந்துவிட்டது.

கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் ‘பாடு’ என்னும் முறையை வழிவழியாகப் போற்றி வருகிறார்கள். ஏரியில் இன்ன இடத்தில் இன்னார் இன்ன நாளில் சுத்துவலை கட்டலாம் என்று முறைவைத்து, நல்ல இடமும் வறிய இடமும் அனைவருக்கும் மாறி மாறிக் கிடைக்கும்படி பங்கிடுவதே பாடு. நீரின் நிறத்தையும், அலையின் போக்கையும், காற்றின் திசையையும் கொண்டு அன்றைய விளைவைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் அங்கு உண்டு. நுண்ணோக்கி அவர்களுடைய அறிவுக்குப் போட்டியன்று. உங்கள் குறிப்பேட்டில் ஒருபுறம் பெரியவர் சொன்னதை எழுதுங்கள். மறுபுறம் நீங்கள் எண்ணியதை எழுதுங்கள். நாள், நேரம், இடம், ஏற்றமா வற்றமா என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓராண்டு தொடர்ந்தால் அந்த ஏடு ஊருக்கே ஒரு சொத்தாகும்.

இத்தகைய ஏட்டிற்கு என்ன மதிப்பு என்பதை ஒரு வழக்கு காட்டும். 1990களில் நம் கடற்கரையோரங்களில் இறால் பண்ணைகள் பெருகி, அவற்றின் கழிவுநீராலும் உப்பாலும் நிலமும் நீரும் கெடுவதாக மக்கள் முறையிட்டார்கள். காந்திய நெறியாளரான எஸ். ஜகந்நாதன் அவர்கள் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்கள். நீதிமன்றம் ஆய்வு நிறுவனத்தார் கரையோரங்களைப் பார்வையிட்டு அளித்த அறிக்கைகளை ஆராய்ந்து, 1996 டிசம்பர் 11ஆம் நாள் தீர்ப்பு வழங்கியது. சிலிகா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளின் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் அமைக்கப்படலாகாது என்று பெயர் சுட்டி அத்தீர்ப்பு கட்டளையிட்டது. பழைய மரபுமுறை வளர்ப்புக்கு விலக்களித்தது. பின்னர் 2005இல் பாராளுமன்றம் கரையோர நீர்வாழ் உயிர் வளர்ப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ‘எங்கள் நீர் கெட்டது’ என்னும் குரல் நியாயமானது. ஆனால் அக்குரலை மன்றம் ஏற்பதற்கு அளவுகளும் பதிவுகளும் துணைநிற்க வேண்டியிருந்தன.

கருவியின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். 1990களின் நடுவில் இந்திய இறால் பண்ணைகளை வாட்டிய வெண்புள்ளி நோய்க்குக் காரணமான வைரஸ் அரை மைக்ரானுக்கும் சிறியது; எந்த ஒளி நுண்ணோக்கிக்கும் அது தெளிவாக அகப்படாது; எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கே அகப்படும். நீரில் கரைந்த நஞ்சையும் நம் கருவி காட்டாது. ‘துளியில் உயிர் இல்லை, எனவே நீர் தூயது’ என்று கூறுவதும் தவறு, ‘உயிர் பல உண்டு, எனவே நீர் கெட்டது’ என்று கூறுவதும் தவறு. கண்டதை மட்டும் எழுதுவதும், காணாததை எழுதாதிருப்பதும் அறிவியலின் முதல் ஒழுக்கம். பார்த்து முடித்ததும் பாட்டிலிலுள்ள உயிர்களை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அவற்றுள் நாளைய இறால் இருக்கலாம்.

மாணவர்களே! வீட்டில் பழைய கைப்பேசி ஒன்று இருந்தால் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நால்வர் சேர்ந்து செய்தால் செலவும் பகிரப்படும், வேலையும் பகிரப்படும். பாட்டைப் பகிர்ந்துகொள்ளும் ஊர்களுக்கு இதனை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் அளவுகோல், பிறகு துணியின் இழை, அதன்பிறகு முகத்துவாரத்து நீர் என்னும் வரிசையில் தொடங்குங்கள். வரும் ஐப்பசி மழைக்கு முன்னர் ஒரு கணக்கும், மழைக்குப் பின்னர் ஒரு கணக்கும் உங்கள் ஏட்டில் இருக்கட்டும்.